கழலாத சக்கரம்

மூணுகல் எஸ்டேட் ஜீப் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தலைகுப்புறக் கிடந்தது. வலது முன்சக்கரத்தைக் காணோம். அது தனியே உருண்டு, இரண்டு பாத்தி தாண்டி, ஓடைக்கரையில் போய்ச் சாய்ந்திருந்தது. ஜீப்புக்கு அடியிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் மூக்கனை இழுத்தெடுத்தபோது அவருக்கு உயிர் இல்லை. ஓட்டிவந்த தங்கவேலு இடது கை முறிந்து பத்தடி தள்ளிச் செடிக்குள் முனகிக்கொண்டிருந்தார்.

இது காலையில் நடந்தது. மதியச் சோற்றுக்கு முன்னால் எஸ்டேட் முழுக்கத் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. தங்கவேலுதான் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மூக்கனைக் கொன்றான்.

பிற்பகலில் ஊட்டியிலிருந்து வந்து சேர்ந்த வேலாமணிக்கு இந்தத் தீர்ப்பைச் சப்-இன்ஸ்பெக்டர் ஆறுக்குட்டி சுடச்சுடப் பரிமாறினார். வேலாமணியின் உத்தியோகத்துக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பெயர். அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது, பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் பச்சைக் குழந்தைக்கும் விளங்கும். விபத்தில் உயிர் போனால் பழுது வண்டியிலா, ஓட்டியவனிடமா என்று பார்த்துச் சான்று தருவது அவள் வேலை.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதானுங்க மேடம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார் ஆறுக்குட்டி.

"கையெழுத்து மட்டும்னா ஊட்டியிலயே போட்டிருப்பனுங்களே. எதுக்கு இத்தனை தூரம் வரச் சொன்னீங்க?"

ஆறுக்குட்டி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பார்த்துவருவது ஒன்றுதான். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், டயர் வழுக்கையாக இருக்கும், முதலாளி பழுது பார்க்கக் காசு தந்திருக்க மாட்டான். கடைசியில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே அதற்கும் ஒரு படி மேலே போய்க் கொலை என்கிறார்கள்.

"கொலைன்னு எப்படிங்க சொல்றீங்க?"

ஆறுக்குட்டி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருஷம். மூணுகல்லில் பாதிப் பேருக்கு வேலை இல்லை, மீதிப் பேருக்குப் பாதிக் கூலி. மூக்கன் வேலைநிறுத்தம் அறிவித்தார். தங்கவேலு மட்டும் ஜீப்பை நிறுத்தவில்லை. பெரட்டுக்களத்தில், காலையில் ஆள்கணக்கு எடுக்கிற அந்த மைதானத்தில், எல்லோரும் பார்க்க மூக்கன் அவரைக் கன்னத்தில் அறைந்தார். 'ஒனக்கு இருக்குடா' என்று தங்கவேலு சொன்னதற்கு எஸ்டேட்டே சாட்சி. முந்தாநாள் ஆயுதபூஜை. ஜீப்பின் நான்கு சக்கரத்தையும் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியது தங்கவேலு. நேற்று விஜயதசமி, விடுமுறை. ஜீப் ஷெட்டை விட்டு நகரவில்லை. இன்று குன்னூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை. மூக்கனை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப் மூன்றாவது வளைவைத் தாண்டவில்லை.

"அதே வண்டியில அவனுமல்ல உக்காந்து ஓட்டியிருக்கான்? கவுந்தா தனக்கும் சேர்த்துத்தான்னு தெரியாதுங்களா?"

"குதிச்சுக்கலாம்னு நெனச்சிருப்பானுங்க."

வேலாமணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

முதலில் கழன்ற சக்கரத்தைப் பார்த்தாள். நட்டு உட்காரும் ஐந்து துளைகளும் வட்டம் மாறாமல் இருந்தன. ஜீப்பின் அச்சில் நின்ற நட்டு ஏறும் ஐந்து ஸ்டட்டுகளின் திருகு மரையும் நுனியில் மட்டும்தான் நசுங்கியிருந்தது. சரியாக இறுக்காத சக்கரம் நாள்கணக்கில் ஆடும், ஆடி ஆடித் துளையை முட்டை வடிவாக்கும். இது ஆடவே இல்லை. நன்றாக இறுக்கி வைத்திருந்ததை யாரோ நுனிவரை தளர்த்திவிட்டிருக்கிறார்கள், அதுவும் இந்தக் கடைசி ஓட்டத்துக்குச் சற்று முன்னால். ஆறுக்குட்டி சொன்னதில் பாதி உண்மை. இது விபத்தில்லை.

அடுத்து இடது முன்சக்கரத்தடியில் குந்தினாள். ஜீப் கவிழ்ந்து கிடந்ததால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூஜைக்கு வைத்த சந்தனம் ஐந்து நட்டிலும் அப்படியே காய்ந்திருந்தது. நட்டின் மேலும் பக்கத்து ரிம்மின் மேலும் சேர்த்து ஒரே இழுப்பாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். மூன்று நட்டில் அந்த இழுப்பு முழுசாக இருந்தது. இரண்டில் வெடித்து விலகியிருந்தது. நட்டின் மேலிருந்த சந்தனம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால்வட்டம் நகர்ந்திருந்தது. அந்த இரண்டு நட்டின் முனைகளும் மழுங்கி, புதுசாகப் பளபளத்தன.

"இதைப் போட்டோ எடுங்க. இன்னும் கிட்டப் போய் எடுங்க" என்று காவலரிடம் சொன்னாள்.

அப்போது மேலே ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. எஸ்டேட் மானேஜர் தினகரன் இறங்கினார். விலை விழுந்த பிறகு செலவைக் குறைக்கவென்று முதலாளிகள் இந்த வருஷம்தான் அவரைத் திருச்சியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை. வலது கை முட்டிகளில் பிளாஸ்திரி.

"கையில என்னங்க?"

"பங்களா ரோஜாச் செடி. முள்ளு கிழிச்சிடுச்சு."

"ஜீப்புல மூக்கனை அனுப்புனது யாருங்க?"

"நான்தான். சண்டை சண்டைதான், மனுஷன் மனுஷன்தான் மேடம். பஸ்ஸுக்கு ஏன் நிக்கணும், நம்ம வண்டியிலேயே போயிட்டு வாங்கன்னேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"ஷெட்டுச் சாவி?"

"ரெண்டு நாளா பங்களாவில இருந்துச்சு. ஆனா ஷெட்டுக் கதவுல நாலு பலகை பேர்ந்து கிடக்கு. யார் வேணும்னாலும் நுழையலாம்."

"நீங்க பூஜைக்குப் போனீங்களா?"

"எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லை. என் காருக்குப் பொட்டுகூட வைக்க விடலை." அவர் சரிவில் எட்டிப் பார்த்தார். "நீங்களே பாருங்களேன், அந்த இடது சக்கரத்துல ஒரு நட்டாவது அசையுமா? துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. ஒரு பக்கம் அப்படி இருக்கும்போது இன்னொரு பக்கம் மட்டும் தானா எப்படிக் கழலும்? கழட்டி விட்டிருக்கான் மேடம். வேற என்ன சொல்ல?"

"வண்டி வேலை நல்லாத் தெரியுமாட்ட இருக்குதுங்களே."

"ஐயையோ! நான் ஸ்பேனரைக் கையில தொட்டதே இல்லை. அதெல்லாம் டிரைவர், ஃபிட்டர் பாடு."

ஆறுக்குட்டி அவரை வழியனுப்ப மேலே போனார். வேலாமணி தன் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்தாள். சக்கரம் சுழலாதபடி காவலரை ஒரு கட்டை செருகச் சொல்லி, மழுங்காத நட்டு ஒன்றில் ஸ்பேனரை மாட்டினாள். ஒரே அழுத்து. நட்டு கையோடு வந்தது. மரையை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்ப மாட்டி இறுக்கினாள். எழுந்து நின்றபோது அவள் முகத்தைப் பார்த்த காவலர் இரண்டடி பின்னால் போனார்.

எஸ்டேட் ஃபிட்டர் கந்தன் ரோட்டோரம் கூட்டத்தோடு நின்றிருந்தார்.

"தங்கவேலு சக்கரம் மாட்டுறதை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. பூஜையன்னைக்குக் கூடவே இருந்தனுங்க."

"சரியா மாட்டுனாரா?"

"அவன் மாட்டுன சக்கரம் கழலாதுங்க."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

கந்தன் காலால் மண்ணைக் கிளறினார். "யாரும் கேக்கலைங்க."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களோ? கூட வேலை செஞ்சவன் கழுத்துல கயிறு விழப்போகுது, கேக்கலைன்னு நிக்கறீங்க! நல்லா இருக்குதுங்க நியாயம்."

கந்தன் கூட்டத்துக்குள் பின்வாங்கினார். எந்த நேரமும் வேலை போகலாம் என்று இருக்கிற எஸ்டேட்டில் மானேஜர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேச யாருக்கு நெஞ்சு வரும்? அது வேலாமணிக்கும் தெரியும். தெரிந்தாலும் கோபம் அடங்கவில்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இரண்டு வாசல்களுக்கு முன்னால் கூட்டம். ஒன்றில் ஒப்பாரி, மற்றதில் வசவு. தங்கவேலுவின் மனைவி சின்னம்மையின் சாமான்களை எஸ்டேட் வாட்ச்மேன் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பாத்திரம், பாய், ஒரு டிரங்குப் பெட்டி.

"யார் சொல்லி எடுக்கறே?"

"மானேஜர் சொன்னாருங்க. நாளைக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம். கொலைகாரன் குடும்பம்..."

"எடுத்ததை உள்ள வை. கோர்ட்டு சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

குரலில் இருந்த சூட்டில் அவன் பெட்டியோடு அப்படியே திரும்பினான். சின்னம்மை அழவில்லை. அழுது தீர்த்த கண்.

"இலங்கையில ஒருக்கா வெளிய தள்ளுனானுவ, வந்தோம். இங்கயும் தள்ளுனா எங்கிட்டும்மா போறது? அவரு செஞ்சிருக்க மாட்டாரு. அறை வாங்கிட்டு வந்து ராத்திரி முச்சூடும் அழுதாரு. என் புள்ளைக்கு மருந்து வாங்கணுமே, வண்டிய நிப்பாட்டுனா சம்பளம் ஏதுன்னுதான் அழுதாரு."

"ஜீப்போட வீல் ஸ்பேனர் எங்க இருக்குதுங்க?"

சின்னம்மை உள்ளே கைகாட்டினாள். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனரும் ஜாக்கியும் சந்தனப் பொட்டோடு இருந்தன. மேலே வைத்த செவ்வந்திப்பூ வாடியிருந்தது.

"பூசையில வச்சத மறுபூசை போட்டுத்தானேம்மா எடுக்கணும்? நேத்து புள்ளைக்குக் காய்ச்சல், போடல. காலையில மானேஜர் தொரை ஆளு வுட்டு அவசரப்படுத்துனாங்க, அப்படியே வுட்டுட்டு ஓடுனாரு."

வேலாமணி ஸ்பேனரைக் குனிந்து பார்த்தாள். வாய்க்குக் குறுக்கே பூசிய சந்தனம் விரிசல்கூட விடாமல் காய்ந்திருந்தது. பூஜைக்குப் பிறகு இது எந்த நட்டையும் கவ்வவில்லை.

அடுத்த வாசலில் இருந்து மூக்கனின் மனைவி தெய்வம்மா எழுந்து வந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. சின்னம்மையைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் லயமே அடங்கியது.

"என் புருசன முழுங்கிட்டு வூட்டுக்குள்ள குந்திக்கிட்டு இருக்கியாடி? ஒரு அறைக்கு ஒரு உசுரா? என் வாசலைத் தாண்டி ஒங்க நெழலு வந்துச்சு, வெட்டிப்புடுவேன்!"

வேலாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இன்னைக்குப் பேச்சுவார்த்தையில என்ன பேசறதா இருந்தாரு?"

"கூலியத்தான்." தெய்வம்மா மூச்சு வாங்கினாள். "அதோட மரத்தையும். எஸ்டேட்டு நட்டம் நட்டம்னு சொல்லிக்கிட்டு ராவோட ராவா சில்வர் ஓக்கு மரத்த வெட்டி லாரியில ஏத்துறாரு தொரை, மொதலாளிக்கே தெரியாம. பேச்சுவார்த்தையில எல்லாத்தையும் போட்டு ஒடைக்கிறேன்னு பூசையன்னைக்குத் தொரை மொகத்துக்கு நேராவே சொல்லிட்டு வந்தாரு. கடேசியில இந்தப் பாவி கையில போயிட்டாரே!"

தங்கவேலு குன்னூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இடது கையில் மாவுக்கட்டு, வலது கையில் விலங்கு, விலங்கின் மறுமுனை கட்டிலில். ஒடிந்த கையோடு இவர் எந்த மலையேறி ஓடப்போகிறார் என்று வேலாமணி காவலரிடம் கேட்டாள். அவர் மேலிடத்து உத்தரவு என்றார்.

"பூஜைக்குச் சக்கரத்தை எப்படி மாட்டுனீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"கம்பி பிரசு போட்டு மரையச் சுத்தமாத் தேச்சேன். துணியால தொடச்சேன்."

"எண்ணெய் விட்டீங்களா?"

"எண்ணெ வுட்டா வழுக்கிக்கிட்டு கண்டபடி எறுகிப்புடும், பொறவு தானாத் தளரும். வுடலம்மா. அஞ்சு நட்டையும் மொதல்ல வெறுங்கையால ஓட்டுனேன். பொறவு ஒண்ண எறுக்கிட்டு அதுக்குப் பக்கத்துல இருக்கறத வுட்டுட்டு எதுத்தாப்புல இருக்கறத எறுக்குனேன். அப்பதான் சக்கரம் கோணாம ஒக்காரும். ஜாக்கிய எறக்கி, சக்கரம் தரையில பதிஞ்ச பொறவு கடேசி எறுக்கு. லயம் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வந்து மறுபடியும் ஸ்பேனர் போட்டுப் பாத்தேன். அதுக்கு மேலதான் சந்தனம் வச்சேன், எலுமிச்சம்பழம் நசுக்குனேன்."

குறை சொல்ல ஒன்றுமில்லை. லைசென்ஸ் பரீட்சைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வரிசையில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார்கள்.

"இன்னைக்குக் காலையில சக்கரத்தைப் பாத்தீங்களா?"

அந்தக் கேள்வியில் அவர் உடைந்துபோனார். "தெனமும் பாப்பேம்மா. இன்னிக்குத் தொரை ஜீப்ப ஷெட்டுக்கு வெளிய எடுத்து நிறுத்தி, எஞ்சினையும் போட்டு வச்சிருந்தாரு. குனியப் போனேன், நேரமாச்சு ஏறுடான்னு கத்துனாரு. ஏறிட்டேன். பாத்திருந்தா மூக்கன் இருந்திருப்பாரு. ஸ்டேரிங்கு ஆடுச்சு, பிரேக்கு மிதிச்சேன், அதுக்குள்ள..."

"நீங்க பாக்கலைன்னு சொல்லாதீங்க. உங்களைப் பாக்க விடலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலாமணி வெளியே வந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அவளும் அழுதிருப்பாள். வெலிங்டன் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. ஊட்டி பஸ் வரும்வரை அவள் தனக்குள் தினகரனை வைது தீர்த்தாள். கோயமுத்தூர்க்காரிக்கு மரியாதையாகவே வையத் தெரியும், அன்றைக்கு மரியாதை இல்லாமல் வைதாள்.

மறுநாள் காலை மூக்கனின் உடல் லயத்துக்கு வந்துவிட்டது. வேலாமணி சொன்னபடி ஜீப்பை நிமிர்த்தி, வலது முன்பக்கம் ஸ்டெப்னி மாட்டிப் பெரட்டுக்களத்துக்கு இழுத்து வந்திருந்தார்கள். நான்கு சக்கரமும் தரையில் பதிந்து நின்றன. தினகரனும் கந்தனும் ஆறுக்குட்டியும் நின்றார்கள். சுற்றிலும் கொழுந்து பறிக்கிற பெண்களும் செடியின் தலையைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களும் நின்றார்கள். சாவு வீட்டிலிருந்து தெய்வம்மாவும் எழுந்து வந்திருந்தாள். சின்னம்மை எல்லோருக்கும் பின்னால் தனியே நின்றாள்.

"சான்று எழுதிட்டீங்களா மேடம்?" என்று தினகரன் கேட்டார்.

"ஒரு சின்ன வேலை இருக்குதுங்க." வேலாமணி தன் ஸ்பேனரை ஆறுக்குட்டியிடம் நீட்டினாள். "ஏனுங்க சார், இந்த இடது முன்சக்கரத்துல ஒரு நட்டைக் கழட்டுங்க பாக்கலாம்."

ஆறுக்குட்டி ஆஜானுபாகு. தொப்பியைப் போனட்டின் மேல் வைத்துவிட்டு ஸ்பேனரை மாட்டினார். உலகத்தில் எல்லோரும் நட்டைக் கழற்றுகிற மாதிரி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இழுத்தார். அசையவில்லை. காலை வைத்து மிதித்தார். அசையவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆவாதுங்க மேடம். துருப்பிடிச்சு இறுகிக் கெடக்குது."

"நேத்து இதே வார்த்தையை இன்னொருத்தர் சொன்னாருங்க." வேலாமணி திரும்பினாள். "கந்தன், நீங்க வாங்க."

கந்தன் வந்தார். ஸ்பேனரை வாங்கி மறுபக்கமாக, நாமெல்லாம் இறுக்குகிற திசையில் ஒரு அழுத்து அழுத்தினார். நட்டு படக்கென்று விட்டது. கையாலேயே திருகி எடுத்து நீட்டினார். மரையில் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. கம்பி பிரஷ் போட்ட பளபளப்பு.

"இது இடது மரைங்க" என்று கந்தன் உரக்கச் சொன்னார். நேற்று வராத குரல் இன்று வந்துவிட்டது. "இந்தப் பழைய ஜீப்புல வலப்பக்கம் ரெண்டு சக்கரத்துக்கும் சாதா மரை. இடப்பக்கம் ரெண்டுக்கும் எதிர் மரை. ஓடற ஓட்டத்துல நட்டு தானாத் தளரக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கறாங்க. எனக்கும் தங்கவேலுக்கும் தெரியும். புது வண்டி ஓட்டறவங்களுக்குத் தெரியாதுங்க."

வேலாமணி ஆறுக்குட்டியைப் பார்த்துத்தான் பேசினாள். தினகரனைப் பார்த்தால் கை நீண்டுவிடும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"நாம எல்லாரும் கழன்ற சக்கரத்தையே பாத்துட்டு இருந்தமுங்க. பாக்க வேண்டியது கழலாத சக்கரத்தைத்தான். மூக்கன் உக்காரப்போறது இடது பக்கம். கொல்ல நெனச்சவன் மொதல்ல அங்கதான் கைவச்சான். கழட்டறதா நெனச்சு இழுத்தான், இழுக்க இழுக்க இறுகுச்சு. ரெண்டு நட்டுல சந்தனம் வெடிச்சுக் கால்வட்டம் நகந்திருக்குது, போட்டோ இருக்குது. ஸ்பேனர் வழுக்கி முனை மழுங்கிப்போச்சு. துருப்பிடிச்சிருக்குதுன்னு முடிவு பண்ணிட்டு வலது பக்கம் போனான், அங்க சுளுவா வந்துச்சு. தங்கவேலு இத்தனை வருஷம் இந்த வண்டியோட குடித்தனம் பண்ணுன ஆளு. அவரு இடது சக்கரத்தைத் திசைமாத்தி இழுப்பாருங்களா?"

"சரிதானுங்க. ஆனா அது யாரு..." என்று ஆரம்பித்த ஆறுக்குட்டி பாதியில் நிறுத்தினார். அவருக்கே விளங்கிவிட்டது. தலை மெதுவாகத் தினகரன் பக்கம் திரும்பியது.

"பூஜையன்னைக்கு ஊரே பாக்கத் தேச்சுச் சுத்தம் பண்ணி மாட்டுன சக்கரமுங்க அது. அதுல துரு இருக்குதுன்னு பாத்து யாரும் சொல்ல முடியாது. திசைமாத்தி இழுத்துப் பாத்தவன் ஒருத்தன்தான் சொல்லுவான். ஸ்பேனரைத் தொட்டதே இல்லைன்னாரு மானேஜர். அப்ப ஒரு நட்டும் அசையாதுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"டிரைவர் சொன்னான்!" தினகரனின் குரல் கீச்சென்று வந்தது. "அவன்தான் துருன்னு சொன்னான்."

"இறுக்கிச் சந்தனம் வச்ச கையோட துருன்னு சொன்னாரா? சரி, இருக்கட்டுமுங்க. ஜீப்போட ஸ்பேனர் பூஜையில வச்சது வச்சபடி சாமி முன்னாடி இருக்குது, வாயில சந்தனம்கூடக் கலையலை. அது இந்த நட்டுக்குக் கச்சிதமா உக்காரும், முனையை மழுக்காது. மழுக்குனது ஒரு சுத்துப் பெரிய ஸ்பேனர். சார், மானேஜர் காரோட டிக்கியைத் திறக்கச் சொல்லுங்க."

தினகரன் சாவியைத் தரவில்லை. ஆறுக்குட்டி கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அவரே எடுத்தார். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வீல் ஸ்பேனர் கிடந்தது. மழுங்கிய நட்டில் வைத்துப் பார்த்தார், லொடலொடவென்று ஆடியது. ஸ்பேனரின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமச் சிவப்பு.

"காருக்குப் பொட்டுகூட வைக்க விடலைன்னீங்களே சார்?" என்றார் ஆறுக்குட்டி. நேற்று வரை இருந்த குழைவு அவர் குரலில் இல்லை. "கையைக் காட்டுங்க."

அவரே பிளாஸ்திரியைப் பிய்த்தார். நான்கு முட்டியும் வரிசையாகத் தோலுரிந்திருந்தன. எந்த ரோஜா முள்ளும் அப்படி வரிசை பிடித்துக் கிழிக்காது. வழுக்கிய ஸ்பேனரோடு போய் மட்காட்டில் மோதிய கை அது.

"மரம் வெட்டறதைச் சொல்லிடுவான்னு... சும்மா பயமுறுத்தத்தான்... செத்துப்போவான்னு நினைக்கலை" என்று தினகரன் முனகினார்.

"மலை ரோட்டுல சக்கரத்தைக் கழட்டி விட்டா சாவாம என்னய்யா செய்வான்?" வேலாமணிக்கு இதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ஒருத்தனைக் கொன்னு இன்னொருத்தன் தலையில கட்டி, அவன் பொண்டாட்டி புள்ளையை நடுத்தெருவுல நிறுத்தி... மூணு குடும்பத்தை ஒரு ஸ்பேனரால முடிச்சிருக்கறே. அதுல உன்னுதும் ஒண்ணு, போ!"

கூட்டம் முன்னால் பாய்ந்தது. காவலர்கள் தினகரனை இழுத்துக்கொண்டு போய்ப் போலீஸ் ஜீப்பில் தள்ளுவதற்குள் அவர் சட்டை மூன்று துண்டாகிவிட்டது. ஆறுக்குட்டி அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

பெரட்டுக்களம் காலியானது. தெய்வம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். பிறகு நேராகச் சின்னம்மையிடம் போனாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள், தன் வாசலைத் தாண்டி உள்ளே கூட்டிப் போய் மூக்கனின் தலைமாட்டில் உட்கார வைத்தாள்.

சாங்கியமெல்லாம் முடிந்து பாடையைத் தூக்க ஆள்கள் குனிந்தபோது தெய்வம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"தூக்கக் கூடாது. அவரு வரட்டும்."

"யாரும்மா?"

"தங்கவேலு அண்ணன். நான் வாயால வச்ச பழிய நானே எடுக்கணும். அவரு தோள் குடுக்காம இந்தப் பொணம் வாசல தாண்டாது."

பொழுது சாயப்போகிறது என்றார்கள், அவள் கேட்கவில்லை. ஆறுக்குட்டி தன் ஜீப்பைக் கொடுத்தார். வேலாமணியே ஓட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் விலங்கைத் திறக்க மேலிடத்து உத்தரவு வேண்டுமே என்று காவலர் இழுத்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் சாவி தானாக வெளியே வந்தது.

தங்கவேலு லயத்து வாசலில் இறங்கி, உள்ளே வராமல் நின்றார். தெய்வம்மா அவரைப் பார்த்தாள். ஒடிந்த கையைப் பார்த்தாள். பிறகு பாடையின் பக்கம் குனிந்து, தூங்குகிறவனை அதட்டி எழுப்புகிற குரலில் சொன்னாள்:

"எந்திரிச்சுப் பாருய்யா. நீ கைநீட்டி அடிச்ச மனுசன் ஒத்தக் கையோட ஒன்னத் தூக்க வந்திருக்காரு."

தங்கவேலு வலது தோளைக் கொடுத்தார்.